வரையத் தெரியாதவர் ஓவிய வகுப்பு எடுக்கலாமா?

கணித ஆசிரியை ஒருவர் நான்கு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சுருக்கித் தருகிறேன். அவருடைய பள்ளியில் ஓவிய ஆசிரியர் பணியிடம் காலியாகிவிட, ஆறாம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை, 40 நிமிடம், கலை வகுப்பு எடுக்கும் பொறுப்பு இந்த ஆண்டு இவர் தலையில் விழுந்திருக்கிறது. மாணவர்கள் 42 பேர். கையிருப்பு வெள்ளைத் தாள், பென்சில், பழைய செய்தித்தாள், கொஞ்சம் கிரேயான், ஒரு போஸ்டர் கலர் பெட்டி, பத்துக் கத்தரிக்கோல். முதலில் கரும்பலகையில் தாமே ஒரு காட்சியை வரைந்து, பார்த்து வரையச் சொன்னார். சரியாக வராத பிள்ளைகள் தாளைக் கசக்கிப் போட்டார்கள். அடுத்த வாரம் ‘உங்கள் விருப்பம்போல் வரையுங்கள்’ என்று விட்டுப் பார்த்தார்; இருபது நிமிடம் சும்மா உட்கார்ந்திருந்துவிட்டு, ஏறத்தாழ எல்லாரும் இரண்டு மலை, நடுவில் சூரியன், ஒரு வீடு, நான்கு பறவை என்று முடித்துக்கொண்டார்கள். பிறகு அச்சிட்ட படங்களுக்கு வண்ணம் தீட்டச் சொன்னார். வகுப்பு அமைதியானது, ஆனால் அவருக்கே அலுத்துவிட்டது. மூன்று மாதத்தில் பள்ளிக் கண்காட்சி. படங்கள் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும் என்று தலைமையாசிரியர் சொன்னதால், சிலருடைய படங்களை ஆசிரியையே திருத்தியிருக்கிறார். அவற்றில் ஒன்றை வரைந்த மாணவன், ‘இது என் படம் இல்லை, மிஸ் படம்’ என்று மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டான். இந்தப் பொறுப்பைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா, இல்லையென்றால் 12 வாரத்துக்கு எளிய பாடத்திட்டம் கிடைக்குமா, மதிப்பெண் எப்படிப் போடுவது, படங்களைப் பள்ளியின் சமூக ஊடகப் பக்கத்தில் வெளியிடலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

அன்புள்ள ஆசிரியைக்கு,

பொறுப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டாம். பயிற்சி பெற்ற ஓவிய ஆசிரியரை நியமிக்கும்படி நிர்வாகத்தைக் கேட்டுக்கொண்டே இருங்கள். அது பிள்ளைகளுக்குச் சேர வேண்டியது. ஆனால் அவர் வரும்வரை அந்த 40 நிமிடத்தை நடத்தத் தகுதி இல்லாதவர் என்று உங்களை நீங்களே தள்ளிவைத்துக்கொள்ளாதீர்கள். ‘எனக்கு வரையத் தெரியாது’ என்று கடிதத்தில் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். வரைவது ஒரு வேலை; வரையும் வகுப்பை நடத்துவது வேறு வேலை. சொல்லப்போனால், நன்றாக வரையும் ஆசிரியருக்கு உங்களுக்கு இல்லாத ஓர் ஆபத்து உண்டு: அவர் கை சும்மா இருக்காது. பிள்ளையின் மூக்குக் கோணலாக இருக்கிறதே என்று குனிந்து ஒரு கோடு இழுத்துவிடும். நானும் வேலைக்குச் சேர்ந்த முதல் சில ஆண்டுகள் அதையே செய்தேன்; அந்தப் படங்கள் எல்லாம் அழகாக இருந்தன, எல்லாவற்றிலும் ஒரே மூக்கு இருந்தது.

நீங்கள் முயன்ற மூன்று வழிகளும் தவறானவை அல்ல. ஆனால் மூன்றிலும் ஒரே இடத்தில் சிக்கல் இருக்கிறது. பார்த்து வரைவதிலும் வண்ணம் தீட்டுவதிலும் எதை, எங்கே, எவ்வளவு பெரியதாக என்ற முடிவுகளையெல்லாம் வேறொருவர் முன்கூட்டியே எடுத்துவிடுகிறார். ‘விருப்பம்போல்’ என்னும்போது அத்தனை முடிவுகளும் ஒரே நொடியில் பிள்ளையின் தலையில் இறங்குகின்றன. அப்போது பதினோரு வயதுப் பிள்ளை என்ன செய்யும்? ஏற்கெனவே கைக்குப் பழகிய, யாரும் குறை சொல்லாத படத்துக்குள் ஒதுங்கிக்கொள்ளும். அந்த மலையும் சூரியனும் கற்பனை வறட்சியின் அடையாளம் அல்ல, தற்காப்பு. ஆகவே பாடம் திட்டமிடும்போது ‘இன்று என்ன படம்?’ என்று தொடங்காதீர்கள். ‘இன்று பிள்ளை எந்த ஒரு முடிவைத் தானாக எடுக்க வேண்டும்?’ என்று தொடங்குங்கள். அந்த ஒன்றைத் திறந்து வைத்துவிட்டு, தாளின் அளவு, பொருள், நேரம் என மற்றவற்றை நீங்களே கட்டிப்போடுங்கள். மணி அடிக்கும்போது 42 தாளும் ஒன்றுபோல் இருந்தால், அன்று முடிவெடுத்தவர் நீங்கள் ஒருவர்தான்.

பார்த்து வரைவதை அடியோடு விலக்கச் சொல்லவில்லை. பட்டறைகளில் தலைமுறை தலைமுறையாகக் கைவேலை கற்றவர்கள் அப்படித்தான் கற்றார்கள். ஆனால் அவர்கள் குருவின் கை எந்த இடத்தில் தயங்குகிறது, எந்த இடத்தில் அழுத்துகிறது என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தார்கள். வீட்டில் கார்ட்டூன் பாத்திரங்களைப் பார்த்து வரையும் பிள்ளையைத் தடுக்காதீர்கள். வண்ணம் தீட்டும் தாள், ஆசிரியர் விடுப்பில் இருக்கும் நாளுக்கு உதவும். அதற்கு மேல் அதைப்பற்றிச் சொல்ல எதுவும் இல்லை.

‘திறமை இல்லை’ என்பது பெரும்பாலும் வயது

‘பாதிப் பேருக்குத் திறமையே இல்லை, அவர்களே அப்படிச் சொல்கிறார்கள்’ என்று எழுதியிருக்கிறீர்கள். கலைக்கல்வியாளர் விக்டர் லோவன்ஃபெல்ட் 1947-இல் குழந்தைகளின் வரைதல் வளர்ச்சியைப் படிநிலைகளாக வகுத்து எழுதினார். வயது எல்லைகள் தோராயமானவைதாம். எல்லாக் குழந்தைகளுக்கும் எல்லாச் சூழலிலும் அப்படியே பொருந்துவதில்லை என்று பின்வந்தவர்கள் மறுத்தும் இருக்கிறார்கள். ஆனாலும் வகுப்பறையில் நிற்பவர்களுக்கு அது கைகொடுக்கும். ஏழு, எட்டு வயதுப் பிள்ளை தாளின் அடியில் ஒரு கோடு போட்டு, எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்தி, வீட்டுச் சுவருக்குள் இருக்கும் கட்டிலையும் வெளியில் தெரிவதுபோல் கூச்சமின்றி வரைந்துவிடும். ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், பொருள் உண்மையில் எப்படித் தெரிகிறது என்ற கவலை பிடித்துக்கொள்கிறது. கண் முன்னால் ஓடிவிடுகிறது, கை பின்தங்குகிறது. தான் வரைந்தது தப்பு என்று தனக்கே தெரிகிறது. உங்கள் ஆறாம் வகுப்பு சரியாக அந்த இடத்தில் நிற்கிறது. ‘எனக்கு வரையத் தெரியாது’ என்று அவர்கள் சொல்வதற்குப் பொருள், அவர்கள் முன்பைவிட நன்றாகப் பார்க்கத் தொடங்கிவிட்டார்கள் என்பது. உங்கள் திட்டம் அந்தக் கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். சரியாக வந்ததா என்று ஒப்பிட்டு மனம் ஒடிய வாய்ப்பில்லாத வேலையாகவும் அது இருக்க வேண்டும்.

12 வாரங்களுக்கு என்னுடைய யோசனை

கோடுக்கு மூன்று வாரம், நிறத்துக்கு மூன்று, தாள் கட்டுமானத்துக்கு இரண்டு, வடிவமைப்புக்கு மூன்று, கண்காட்சிக்குப் படம் தேர்ந்தெடுக்க ஒன்று. எல்லாவற்றையும் இங்கே விரிக்க முடியாது. உங்கள் கையிருப்போடு கொஞ்சம் கறுப்பு, சாம்பல்நிறத் தாள், அட்டை, பசை, டேப் சேர்த்தால் நடக்கக்கூடிய சில வகுப்புகளை மட்டும் விரிவாகச் சொல்கிறேன்.

முதல் வகுப்பில், எழுதாத கையை மேசைமேல் வைத்து, அதை மட்டுமே பார்த்தபடி, தாளைப் பார்க்காமல், பென்சிலைத் தூக்காமல், மூன்று நிமிடம் அதன் ஓரங்களையும் சுருக்கங்களையும் பின்தொடர்ந்து ஒரே கோடாக வரையச் சொல்லுங்கள். யாருக்கும் கைபோல் வராது, அதுதான் வேண்டியது. சிரிப்பு எழும்; எழட்டும். பிறகு உற்றுப் பார்த்தால், விரல் மூட்டின் மடிப்பு, நகத்தின் விளிம்பு என்று அவர்கள் இதுவரை எந்தப் படத்திலும் போட்டிராத கோடுகள் அந்தக் கோணல்மாணலுக்குள் இருக்கும். நீங்களும் கரும்பலகைக்கு முதுகைத் திருப்பி நின்று, கையைப் பின்னால் கொண்டுபோய் ஒன்று வரையுங்கள். மிஸ்ஸின் கை ஒரு கிழங்குபோல் வந்ததைப் பார்த்த வகுப்பு, தன் தாளைக் கசக்காது. இரண்டாம் வாரம் அதே கை, அதே மூன்று நிமிடம், இந்த முறை தாளையும் இடையிடையே பார்க்கலாம். இரண்டு தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எது பிடித்திருக்கிறது, ஏன் என்று கேளுங்கள்.

நிறத்துக்கு வண்ணமே இல்லாத ஒரு வகுப்போடு தொடங்குவேன். ஒரே சாம்பல்நிறத் தாளிலிருந்து 2 செ.மீ. சதுரங்கள் இரண்டு வெட்டி, ஒன்றைக் கறுப்புத் தாளின் நடுவிலும் மற்றதை வெள்ளைத் தாளின் நடுவிலும் வைத்து, இரண்டும் ஒரே நிறமா என்று கேளுங்கள். கறுப்பில் இருப்பது வெளுப்பாகத் தெரியும்; வகுப்பு அடித்துச் சொல்லும், வேறு வேறு என்று. பிறகு சதுரங்களை இடம் மாற்றிக் காட்டுங்கள். பிரெஞ்சு வேதியியலாளர் செவ்ரல், கோப்லின் திரைச்சீலை நெசவுக்கூடத்தின் சாயப் பிரிவுக்குப் பொறுப்பாளராக இருந்தபோது, கறுப்பு நூல் கறுப்பாகத் தெரியவில்லை என்று புகார் வந்தது. சாயத்தில் குறையில்லை, பக்கத்தில் நெய்த நிறம்தான் கண்ணை ஏமாற்றுகிறது என்று அவர் கண்டறிந்து 1839-இல் நூலாக வெளியிட்டார். இந்தக் கதையை இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டு, ஒரே சாம்பலை இரண்டு நிறமாகக் காட்டும் ஒரு படத்தைக் கிழித்து ஒட்டிய தாள்களால் உருவாக்கச் சொல்லுங்கள். எந்தப் பின்னணி என்பது அவர்களுடைய முடிவு.

அடுத்த வாரம் போஸ்டர் கலரில் மஞ்சளோடு ஒரு துளி கறுப்பு கலக்கட்டும். மஞ்சள் வெறுமனே இருளும் என்று எதிர்பார்ப்பார்கள். கிண்ணத்தில் ஒரு பாசிப்பச்சை எழுந்து வரும். அந்த நேரத்தில் வகுப்பில் எழும் சத்தத்துக்காகவே இந்த வகுப்பை விட்டுவிடாதீர்கள். அதே நாளில் சிவப்பும் நீலமும் கலந்து ஊதா வராமல் மண்நிறம் வந்தால், பிள்ளை தப்புச் செய்யவில்லை. ஆரஞ்சுப் பக்கம் சாய்ந்த சிவப்பு அப்படித்தான் மங்கும். நிறம் சொல்லித் தரும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: சிவப்பு-பச்சை வேறுபாடு தெரியாத பிள்ளை உங்கள் வகுப்பில் இருக்கலாம். அதற்குக் காரணமான மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருப்பதால் ஆண்பிள்ளைகளிடம் அது மிகுதி. இலைக்குப் பழுப்பு தீட்டும் பையனைக் கேலிக்கு விடாமல், கிரேயான்களில் பெயர்ச்சீட்டு ஒட்டிவையுங்கள். பெற்றோரிடம் தனியாகச் சொல்லிக் கண் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

தாள் கட்டுமானத்துக்கு ஆளுக்கு ஒரு செய்தித்தாள் பக்கம் போதும். பசை கிடையாது, கத்தரிக்கோல் கிடையாது. அந்தத் தாள் தானாக நின்று, ஒரு சாண் உயரத்தில் ஒரு ரப்பரைத் தாங்க வேண்டும். ஜெர்மனியில் 1919-இல் தொடங்கிய பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளியில் ஜோசஃப் ஆல்பர்ஸ் நடத்திய தொடக்க வகுப்பின் சாயல் இது. அவர் மாணவர்களிடம் செய்தித்தாள் கொடுத்து ஏதாவது செய்யச் சொன்னபோது படகும் கோட்டையும் முகமூடியும் செய்தவர்களைவிட, தாளை நீளவாக்கில் மடித்து நிற்கவைத்த ஒருவரையே பாராட்டினார் என்று அந்த வகுப்பில் படித்தவர் நினைவுகூர்ந்திருக்கிறார். தளர்ந்து விழும் தாளுக்கு நிற்கும் வலு மடிப்பிலிருந்து வந்தது என்பதை அந்த மாணவர் கண்டுகொண்டார். உங்கள் வகுப்பில் யாராவது விசிறிபோல் மடிப்பார்கள், யாராவது குழலாகச் சுருட்டுவார்கள். ரப்பர் கீழே விழும்போது உதவிக்குப் போகாதீர்கள்.

நீங்கள் கணித ஆசிரியை என்பதால் ஓட்டு வடிவ வகுப்பு, அதாவது தரையில் பதிக்கும் ஓடுகள்போல் இடைவெளியின்றிப் பொருந்தும் வடிவங்களுக்கான வகுப்பு, உங்களுக்குச் சொந்த வீடு. இடைவெளி இல்லாமல் தளத்தை நிரப்பக்கூடிய ஒழுங்குப் பலகோணங்கள் சமபக்க முக்கோணம், சதுரம், அறுகோணம் ஆகிய மூன்றே. ஐங்கோணத்தின் 108 பாகைக் கோணம் 360-ஐ மீதியின்றி வகுக்காது என்பதை உங்களைவிட நன்றாக யார் சொல்ல முடியும்? 6 செ.மீ. அட்டைச் சதுரம் ஒன்றின் இடப்பக்கத்தில், மேல் மூலையிலிருந்து கீழ் மூலைவரை விரும்பிய வளைவில் வெட்டி, வெட்டிய துண்டைத் திருப்பாமல் அப்படியே நேராக நகர்த்தி வலப்பக்க விளிம்பில் டேப்பால் ஒட்ட வேண்டும். வெட்டுவது எந்த வளைவு என்பது பிள்ளையின் முடிவு. கிடைத்த உருவத்தைத் தாளில் வைத்துக் கோடு இழுத்து, நகர்த்தி, மறுபடி இழுத்தால் இடைவெளியே விழாது. ஒரு பக்கம் இழந்ததை மறுபக்கம் பெற்றுக்கொள்கிறது. பிறகு அட்டையைச் சுழற்றிச் சுழற்றிப் பார்த்து, அது என்னவாகத் தெரிகிறது என்று கண்டுபிடித்துக் கண்ணோ சிறகோ வைக்கட்டும். பத்தில் மூன்று பேர் துண்டைப் புரட்டி ஒட்டிவிடுவார்கள். துண்டின் மேல்பக்கத்தில் வெட்டுவதற்கு முன்பே ஒரு புள்ளி வைக்கச் சொன்னால் அந்தத் தவறு குறையும்.

வடிவமைப்பு என்பது அலங்காரம் அல்ல

தாளின் ஓரத்தில் பூ வரைவதை ‘டிசைன்’ என்று நாம் பழகிவிட்டோம். வடிவமைப்பு பயன்படுத்துகிறவர் ஒருவரை முன்னால் வைத்துக்கொண்டு தொடங்குவது. அந்த மூன்று வாரங்களுக்குப் பள்ளிக்குள்ளேயே ஒரு சிறு சிக்கலைத் தேர்ந்தெடுங்கள்: இன்னும் வாசிக்கத் தெரியாத முதல் வகுப்புக் குழந்தை நூலகத்தையோ மருத்துவ அறையையோ எப்படிக் கண்டுபிடிக்கும்? எழுத்தே இல்லாத ஓர் அடையாளப் பலகை வேண்டும். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் பல மொழி பேசுவோருக்காகப் படக்குறிகளை ஒரு முழுத் தொகுப்பாக வடிவமைத்தார்கள். பல கட்டடங்களில் அவசர வழிக்கு மேல் நாம் பார்க்கும் ஓடும் மனிதனின் உருவத்தை உருவாக்கியவர் யுகியோ ஓட்டா என்ற ஜப்பானியர். முதல் வாரம் ஆளுக்கு ஆறு சிறு மாதிரிகள். ஒன்றுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் கூடாது. இரண்டாம் வாரம் அவற்றில் ஒன்றைப் பெரிதாக்கி, முதல் வகுப்புக் குழந்தைகள் மூன்று பேரிடம் காட்ட வேண்டும். அவர்கள் பதில் சொல்லும்வரை வரைந்தவர் வாய் திறக்கக் கூடாது. ‘அது படுக்கை இல்லை, புத்தகம்!’ என்று விளக்கத் துடிப்பார்கள். அந்தத் துடிப்பை அடக்கிக்கொண்டு, குழந்தை என்ன பார்த்தது என்பதைக் குறித்துக்கொண்டு, மூன்றாம் வாரம் திருத்துவதுதான் பாடம்.

மதிப்பெண்

பள்ளி எண் கேட்டால் கொடுத்துத்தான் ஆக வேண்டும். அழகுக்கு மதிப்பெண் போட்டால் வீட்டில் பெரியவர்கள் வரைந்து அனுப்புவார்கள், அவ்வளவுதான் நடக்கும். பத்தில் நான்கு, எத்தனை முயற்சி செய்தார் என்பதற்கு. நான்கு, அன்றைய கேள்விக்கு ஒரு முடிவு எடுத்தாரா என்பதற்கு. இரண்டு, ஏன் அப்படிச் செய்தேன் என்று ஒரு வாக்கியத்தில் சொல்ல முடிகிறதா என்பதற்கு. கைவராத முயற்சிகளையும் தாளோடு சேர்த்து ஒப்படைக்கச் சொல்லுங்கள். அழிக்கும் பழக்கம் தானாகக் குறையும்.

யாருடைய படம்?

நான் வழக்கறிஞர் அல்ல, ஆயினும் உங்கள் கேள்விக்கு அடிப்படையான பதில் தெளிவானது. குழந்தை உரிமைகள் குறித்த 1989-ஆம் ஆண்டு ஐ.நா. உடன்படிக்கையின் 13-ஆம் பிரிவு கருத்தைக் கலை வடிவில் வெளிப்படுத்துவதையும் குழந்தையின் உரிமையாகச் சொல்கிறது. 31-ஆம் பிரிவு கலைகளில் பங்கேற்கும் உரிமையைச் சொல்கிறது. படைப்புரிமை பற்றிய பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையை ஏற்ற நாடுகளில் படைப்புரிமை, எங்கும் பதிவு செய்யாமலேயே, பொதுவாகப் படைத்தவருக்குச் சேர்கிறது. படைத்தவர் சிறுவர் என்பதால் அது குறைவதில்லை. தாளும் வண்ணமும் பள்ளியுடையது என்பது படத்தைப் பள்ளியுடையதாக ஆக்கிவிடாது. ஆகவே சமூக ஊடகப் பக்கத்தில் போடுமுன் பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள், பிள்ளையிடமும் கேளுங்கள். முகம், முழுப்பெயர், வகுப்பு மூன்றும் ஒரே பதிவில் சேர வேண்டாம். இணையத்திலிருந்து எடுத்து அச்சிடும் வண்ணத் தாள்களுக்கும் உரிமையாளர் இருப்பார் என்பதையும் மறக்க வேண்டாம்.

அந்த மாணவனிடம் தனியாக, சுருக்கமாகச் சொல்லுங்கள்: ‘உன் படத்தில் உன்னைக் கேட்காமல் கை வைத்தேன், அது தவறு.’ நீண்ட விளக்கம் வேண்டாம். கண்காட்சி, தலைமையாசிரியர் என்று காரணங்களையும் அடுக்க வேண்டாம். புதிய தாள் வேண்டுமா என்று கேளுங்கள். அவன் வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். இனி யாருடைய தாளிலும் ஏதாவது காட்ட வேண்டியிருந்தால், பக்கத்தில் வேறு துண்டுத்தாள் வைத்து அதில் காட்டுங்கள்.

தலைமையாசிரியரை எதிர்த்து நிற்க வேண்டியதில்லை. அவருக்கு வேண்டியது சுவரில் எடுப்பாக நிற்கும் ஒன்று. 42 ஓட்டு வடிவங்களை ஒரே உயரத்தில், சம இடைவெளியில், ஒவ்வொன்றின் கீழும் பிள்ளையின் கையெழுத்தில் ஒரு வாக்கியத்தோடு ஒட்டினால் அது கிடைத்துவிடும். ஓரிரு மாதிரிகளை இப்போதே எடுத்துப்போய்க் காட்டிவிட்டால், கடைசி வாரத்தில் திருத்தச் சொல்லும் நெருக்கடி வராது. பன்னிரண்டாம் வாரம் எந்தப் படம் தொங்க வேண்டும் என்பதைப் பிள்ளைகளே தேர்ந்தெடுக்கட்டும்.

பாதுகாப்பைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும்: கத்தி வேலை எல்லாம் நீங்கள் முந்தைய நாளே முடித்துவிடுங்கள், வண்ணப் பெட்டியில் நச்சற்றது என்று அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள், வீச்சமடிக்கும் கரைப்பான் கலந்த மார்க்கர், பசை வகுப்புக்குள் வேண்டாம். பத்துக் கத்தரிக்கோலுக்கு 42 பேர் என்பதால், வெட்டும் நாளில் நால்வர் அல்லது ஐவர் குழுவாக உட்காரவைத்து, ஒருவர் வெட்டும்போது மற்றவர்கள் வரையும்படி வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

40 நிமிடத்தில் பொருள் விநியோகத்துக்கு ஐந்து, சொல்லிக் காட்ட ஐந்து, வேலைக்கு இருபது, துடைத்து எடுத்துவைக்க ஏழு, எல்லாரும் சேர்ந்து பார்க்க மூன்று என்று பிரியுங்கள். அந்த ஏழு நிமிடத்தைக் குறைத்துவிடாதீர்கள். அடுத்த பாடவேளை ஆசிரியர் ஈர மேசையைப் பார்த்தால் உங்கள் கலை வகுப்பின் ஆயுள் அதோடு குறைந்துவிடும். ஒவ்வொரு வேலையையும் முந்தைய நாள் மாலை நீங்களே ஒருமுறை செய்து பார்த்து, எத்தனை நிமிடம் ஆனது என்று பாடக்குறிப்பின் ஓரத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஓட்டு வடிவத்துக்கு உங்களுக்கு எட்டு நிமிடம் ஆனால் பிள்ளைகளுக்கு இருபதையும் தாண்டும். அப்படியானால் அதை இரண்டு வாரமாகப் பிரித்து, கோட்டு வகுப்புகளில் ஒன்றை விட்டுக்கொடுங்கள்.